கெடு முடிந்தும் முடியாத வேலை: ஆவண மாற்றுச் சேவை ஒன்று உறைந்த நிகழ்வின் ஆய்வு

பயனர் ஏற்றும் ஆவணங்களையும் விரிதாள்களையும் பி.டி.எஃப். ஆக்கித் தரும் இணையச் சேவை. மாற்றும் வேலையை அது தானே செய்வதில்லை. பைத்தான் நிரலுக்குள்ளிருந்து லிப்ரே ஆஃபிஸ் என்ற அலுவலக நிரலைத் திரையில்லா முறையில் தொடங்கி, அது எழுதிவைக்கும் கோப்பை எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் சர்வர், வரிசையிலிருந்து வேலை எடுக்கும் 4 வொர்க்கர்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 60 விநாடி கெடு. இதை ஒரு மாதிரி அமைப்பாக எடுத்துக்கொள்ளலாம். வெளி நிரலைக் கூப்பிட்டு வேலை வாங்கும் எந்தச் சேவையிலும் கீழே வரும் கோளாறுகள் ஒன்றோடொன்று கைகோத்துத்தான் வரும். ஒவ்வொன்றையும் ஒரு லினக்ஸ் கணினியில் சில நிமிடங்களில் வரவழைத்துப் பார்த்துவிடலாம்.

அறிகுறி இது: வரிசை நீண்டுகொண்டே போகிறது, ஒரு வேலையும் முடிவதில்லை. சிபியு ஏறக்குறைய சும்மா இருக்கிறது, நினைவகம் போதிய அளவு இருக்கிறது, பதிவேட்டில் ஒரு பிழைகூட இல்லை. 4 வொர்க்கர்களும் உயிரோடு இருப்பதாகக் கண்காணிப்பு சொல்கிறது. சேவையை மறுதொடக்கம் செய்தால் எல்லாம் சரியாகிறது, பிறகு என்றோ ஒருநாள் மறுபடி நிற்கிறது. 60 விநாடி கெடு வைத்திருக்கும்போது ஒரு வொர்க்கர் மணிக்கணக்கில் எப்படி நிற்க முடியும் என்பதுதான் ஆய்வின் மையக் கேள்வி.

மறுதொடக்கத்தால் சரியாவதே இங்கே ஒரு பொறி. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியின் இயல்பு அமைப்பு, சேவையை நிறுத்தும்போது அதன் சிகுரூப்பில் (லினக்ஸின் மையமான கெர்னல் ஒன்றாகக் கணக்கில் வைக்கும் கூட்டத்தில்) உள்ள எல்லாப் புராசஸ்களையும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களையும், சேர்த்தே கொல்லும். தடயங்களும் அவற்றோடு போய்விடும். அதனால் அடுத்த முறை நிற்கும்போது, மறுதொடக்கத்துக்கு முன் பத்து நிமிடம் எடுத்துப் பார்ப்பதென்று முடிவு செய்ய வேண்டும்.

கெடு ஏன் பலிக்கவில்லை

நிரல் செய்வது இவ்வளவுதான். வெளி நிரல்களைத் தொடங்க உதவும் சப்ப்ராசஸ் மாட்யூலின் பீஓப்பன் வழியாக லிப்ரே ஆஃபிஸைத் தொடங்குகிறது. ஸ்டேண்டர்டு அவுட்புட், ஸ்டேண்டர்டு எரர் இரண்டையும் பைப்பாக, அதாவது ஒருவர் எழுத மற்றவர் படிக்கும் குழாயாக, வைத்துக்கொள்கிறது. வெளியீட்டைக் கடைசிவரை படித்து அந்த நிரல் முடியக் காத்திருக்கும் கம்யூனிகேட்டை 60 விநாடி டைம்அவுட்டோடு அழைக்கிறது. கெடு தாண்டினால் கில், அதன்பின் மிச்ச வெளியீட்டை வாங்கிக்கொள்ள இன்னொரு கம்யூனிகேட், இம்முறை டைம்அவுட் இல்லாமல். பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணம் காட்டும் முறையும் இதுவே என்பதால் மறுபார்வையில் யாரும் இதைக் கேள்வி கேட்பதில்லை.

உறைந்திருக்கும் நேரத்தில், புராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையை மர வடிவில் ஓடவிட்டால் முதல் தடயம் கிடைக்கும். எஸ்ஆஃபிஸ் என்று நாம் அழைப்பது லினக்ஸில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். அது ஊஸ்ப்ளாஷ் என்ற சிறு நிரலாக மாறுகிறது. ஊஸ்ப்ளாஷ் உண்மையான அலுவலக நிரலான எஸ்ஆஃபிஸ்.பின்-ஐத் தன் பிள்ளையாகத் தொடங்குகிறது. அதாவது நம் சேவைக்கு ஊஸ்ப்ளாஷ் பிள்ளை, வேலை செய்யும் நிரலோ பேரப்பிள்ளை. கட்டளையை ஒற்றைச் சரமாக ஷெல்லிடம் கொடுத்திருந்தால் நடுவில் இன்னொரு தலைமுறையும் சேரக்கூடும்.

உறைந்த சர்வரில் ஊஸ்ப்ளாஷ் செத்த புராசஸாக, டிஃபங்ட் என்ற குறிப்போடு மட்டுமே தெரியும். எஸ்ஆஃபிஸ்.பின் மட்டும் உயிரோடு இருக்கிறது, அதன் தாய் எண் 1. கில் அனுப்பும் சிக்-கில் சிக்னல் நேரடிப் பிள்ளைக்கு மட்டுமே போகும். அந்தச் சிக்னலைப் பிடித்துக்கொண்டு தன் பிள்ளைக்குச் சேதி சொல்லும் வாய்ப்பு ஊஸ்ப்ளாஷுக்கு இல்லை, ஏனெனில் சிக்-கில்லை எந்த நிரலாலும் பிடிக்க முடியாது. பிள்ளை செத்தது, பேரப்பிள்ளை அநாதையாகி முதல் புராசஸின் கீழே போனது.

இரண்டாவது தடயம் வொர்க்கரிடம் இருக்கிறது. ஒரு நிரல் கெர்னலிடம் என்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்-ட்ரேஸை அதன்மேல் வைத்தால், 'போல்' என்ற சிஸ்டம் காலில், கால வரம்பு -1 என்று, முடிவில்லாமல் காத்திருப்பது தெரியும். பை-ஸ்பை கருவி, அந்தக் காத்திருப்பு இரண்டாவது கம்யூனிகேட்டுக்குள் நடக்கிறது என்று வரி எண்ணோடு காட்டும். எதற்காகக் காத்திருக்கிறது? பைப்பின் முடிவுக்காக. புராசஸ்களின் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் ப்ராக் கோப்பமைப்பில் வொர்க்கரின் எண்ணுக்குரிய எஃப்டி கோப்புறையைப் பட்டியலிட்டால், திறந்திருக்கும் ஒவ்வொரு பைப்புக்கும் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் வரும். எஸ்ஆஃபிஸ்.பின்-னின் எஃப்டி கோப்புறையிலும் 1, 2 என்ற டிஸ்கிரிப்டர்களுக்கு, அதாவது அவுட்புட், எரர் இரண்டுக்கும், எதிரே அதே எண்கள் இருக்கும். குற்றவாளி அங்கேயே அகப்பட்டுவிடுகிறது.

விதி எளியது. பைப்பின் எழுதும் முனையைப் பிடித்திருக்கும் எல்லாப் புராசஸ்களும் அதை மூடினால்தான் படிப்பவருக்கு 'முடிந்தது' என்ற சேதி வரும். ஃபோர்க் செய்து பிள்ளையை உருவாக்கும்போது தாயின் டிஸ்கிரிப்டர்கள் பிள்ளைக்குப் பிரதியாகின்றன, பிள்ளையிடமிருந்து பேரப்பிள்ளைக்கும் அப்படியே. நடுவில் இருப்பவர் செத்ததால் பேரப்பிள்ளையின் பிடி தளராது. அது உயிரோடு இருக்கும்வரை வொர்க்கர் காத்திருக்கும்.

பீஓப்பனை விட்டு, அதன் மேலே கட்டப்பட்ட ரன் ஃபங்ஷனைப் பயன்படுத்தினால் பிழைக்கலாமா? ஒரு காலத்தில் அதிலும் இதே தொங்கல் இருந்தது. பைத்தான் 3.8 முதல், லினக்ஸ் போன்ற அமைப்புகளில், கெடு தாண்டியதும் ரன் நேரடிப் பிள்ளையைக் கொன்றுவிட்டு மிச்ச வெளியீட்டுக்குக் காத்திராமல் திரும்பிவிடும். வொர்க்கர் தப்பும். ஆனால் எஸ்ஆஃபிஸ்.பின் பின்னணியில் அப்படியே இருக்கும். தொங்கல் போய் கசிவு வரும்; பார்க்கப்போனால் கசிவுதான் மோசம், அது வெளியே தெரிய இன்னும் நாளாகும்.

ஓர் ஆவணம் நான்கு வொர்க்கரையும் சாய்ப்பது எப்படி

ஒரு வொர்க்கர் தொங்கியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. நான்கும் சில நிமிட இடைவெளியில் தொங்குவது ஏன்? சிதைந்த ஆவணங்கள் அவ்வளவு நெருக்கமாக வரிசையில் வருவதில்லை.

லிப்ரே ஆஃபிஸ் ஒரு பயனர் சுயவிவரக் கோப்புறைக்கு ஒரே ஒரு ஓட்டத்தைத்தான் அனுமதிக்கும். அதே சுயவிவரத்தோடு இரண்டாவதாகத் தொடங்கும் ஓட்டம், முதலாவது ஏற்கெனவே ஓடுவதை ஒரு சாக்கெட் வழியாக அறிந்து, தனக்குக் கொடுத்த கட்டளையை அதனிடம் ஒப்படைத்துவிட்டு, அது முடிந்ததாகச் சொல்லும் பதிலுக்குக் காத்திருக்கும். மேசைக் கணினியில் இது நல்ல ஏற்பாடு. இரண்டாவது கோப்பை இருமுறை சொடுக்கினால் ஏற்கெனவே திறந்திருக்கும் நிரலிலேயே அது திறக்கும். சர்வரில் இதுவே நஞ்சு. முதல் ஓட்டம் உறைந்து அநாதையாகக் கிடக்கும்போது, அடுத்த வொர்க்கர்கள் அனுப்பும் நல்ல ஆவணங்களும் அந்த உறைந்த நிரலின் வாசலில் போய் நிற்கின்றன. 60 விநாடியில் அவையும் கெடு தாண்டுகின்றன, அந்த வொர்க்கர்களும் எதையும் முடிக்க முடியாமல் போகின்றன.

உறையாத நாட்களிலும் இந்தப் பகிர்வு வேறு வடிவில் தலைகாட்டும். எக்ஸிட் கோடு 0, அதாவது வெற்றி; வெளியீட்டுக் கோப்புறையோ காலி. இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் மோதிக்கொள்ளும்போது மட்டும் இது நிகழ்வதால் 'எப்போதாவது வரும் பிழை' என்று ஒதுக்கப்பட்டு, மறுமுயற்சி வரி ஒன்றைச் சேர்த்து மூடிவிடுவது வழக்கம்.

முதல் ஆவணம் ஏன் உறைய வைத்தது என்பது ஆவணத்துக்கு ஆவணம் மாறும். சிதைந்த கோப்பு, அளவுகடந்த விரிதாள், பதில் தராத முகவரிக்கு இணைப்பு வைத்திருக்கும் படம், எதுவாகவும் இருக்கலாம். அதைத் தேடுவது இரண்டாம் வேலை. வெளியாரின் கோப்பைத் தின்னும் நிரல் என்றாவது உறையும் என்று வைத்துக்கொண்டுதான் அழைக்கும் பக்கத்தைக் கட்ட வேண்டும்.

திருத்தம்: குடும்பத்தோடு முடிப்பது

பீஓப்பனில் புதிய செஷனைத் தொடங்கச் சொல்லும் அளவுரு உண்டு. அதை இயக்கினால் பிள்ளை, வெளி நிரலாக மாறும் எக்ஸெக்குக்கு முன், புது செஷனைத் தொடங்கும் செட்எஸ்ஐடியை அழைத்து, தன் எண்ணையே குழு எண்ணாகக் கொண்ட புதுப் புராசஸ் குழுவின் தலைவனாகிறது. அதன் வழிவந்தவர்கள், வேண்டுமென்று விலகாதவரை, அதே குழுவில் இருப்பார்கள். குழு மட்டும் போதும், செஷன் வேண்டாம் என்றால் பைத்தான் 3.11-இல் அதற்கும் தனி அளவுரு வந்துவிட்டது.

கெடு தாண்டியதும் செய்ய வேண்டிய வரிசை: முதலில் கில்பிஜி வழியாக முழுக் குழுவுக்கும் சிக்-டெர்ம், அதாவது முடித்துக்கொள் என்று கேட்கும் சிக்னல். நிரல் தன் தற்காலிகக் கோப்புகளைத் துடைத்துக்கொண்டு போக 5 விநாடி அவகாசம். பிறகு குழுவில் யார் மிஞ்சியிருந்தாலும் சிக்-கில். அதன் பின்னரே பிள்ளையின் முடிவை வாங்கிக்கொள்ளும் வெயிட். 5 விநாடிக்குள் நேரடிப் பிள்ளை செத்துவிட்டதென்று சிக்-கில்லைத் தவிர்க்கக் கூடாது. நம் நிகழ்வில் மிஞ்சுவதே பேரப்பிள்ளைதான். குழுவில் ஒருவரும் இல்லையென்றால் 'அப்படி ஒரு புராசஸ் இல்லை' என்ற பிழை வரும், அதை விழுங்கிவிடலாம். வெயிட்டைக் கடைசியில் வைப்பதற்கும் காரணம் உண்டு. பிள்ளையின் முடிவை வாங்கிக்கொண்டபின், குழுவும் காலியாகிவிட்டால், அந்த எண்ணை கெர்னல் வேறொரு புராசஸுக்குக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு அனுப்பும் சிக்னல் யார்மேல் விழும் என்று சொல்ல முடியாது.

ஒரு பக்கவிளைவு: புது செஷனில் இருப்பதால் முனையத்தில் கண்ட்ரோல்-சி அழுத்தினால் அது பிள்ளைக்குப் போகாது. சேவையை நிறுத்தும்போது குழுக்களை நாமே முடிக்க வேண்டும்.

பைத்தான் பக்கம் கைவைக்க விருப்பமில்லாதவர்களுக்கு லினக்ஸின் அடிப்படைக் கட்டளைத் தொகுப்பான கோர்யூட்டில்ஸின் டைம்அவுட் கட்டளை இருக்கிறது. அது தனக்கென ஒரு குழுவை வைத்துக்கொண்டு குழு முழுவதற்கும் சிக்னல் அனுப்பும். 60 விநாடியில் டெர்ம், மேலும் 5 விநாடியில் கில் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். கெடு தாண்டியிருந்தால் 124, கில் வரை போயிருந்தால் 137 என்ற எக்ஸிட் கோடு வரும். ஷெல் ஸ்கிரிப்டிலிருந்து நிரல்களைத் தொடங்குபவர்கள் வேறெதையும் எழுதாமல் இதையே பயன்படுத்துவது நல்லது.

தானே செட்எஸ்ஐடி அழைத்துப் பின்னணிக்குப் போகும் நிரல்கள் குழுவிலிருந்து தப்பிவிடும். அவற்றைக் கட்டிவைக்க சிகுரூப்தான் வழி. ஒவ்வொரு வேலையையும் சிஸ்டம்டி-ரன் மூலம் தனி ஸ்கோப்பில், அதாவது தனி சிகுரூப்பில், ஓடவிட்டால் அந்த ஸ்கோப்பை நிறுத்துவதே போதும். சிகுரூப் 2-இல், லினக்ஸ் 5.14 முதல், சிகுரூப்.கில் என்ற கோப்பில் 1 என்று எழுதினாலே உள்ளே இருப்பவை அனைத்தும் சாகும்.

'தாய் செத்தால் எனக்கும் சிக்னல் அனுப்பு' என்று கேட்டுவைக்கும் பிஆர்-செட்-பிடெத்சிக் வசதியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது தாய்ப் புராசஸின் சாவைக் கவனிப்பதில்லை, பிள்ளையைத் தொடங்கிய த்ரெட்டின், அதாவது தாய்க்குள் ஓடும் ஓர் இழையின், சாவைக் கவனிக்கிறது. த்ரெட் பூலிலிருந்து தொடங்கினால், வேலையில்லாத த்ரெட் ஒன்றை பூல் கலைக்கும்போது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளை காரணமில்லாமல் சாகும். அந்தப் புதிரை அவிழ்க்க இந்த நிகழ்வைவிட நேரமெடுக்கும்.

பைப் வேண்டுமா என்று முதலில் கேட்க வேண்டும்

இந்தச் சேவைக்கு லிப்ரே ஆஃபிஸின் அவுட்புட் எதற்கு? தோல்வியடைந்தால் பதிவேட்டில் எழுத மட்டுமே. அதற்குப் பைப் தேவையில்லை. வேலைக்கான தற்காலிகக் கோப்புறையில் ஒரு பதிவுக் கோப்பைத் திறந்து, அவுட்புட், எரர் இரண்டையும் அதற்குத் திருப்பிவிட்டால் போதும். வொர்க்கர் பிறகு பைப்பின் முடிவுக்குக் காத்திருக்காது, பிள்ளையின் முடிவுக்கு மட்டுமே காத்திருக்கும். அநாதை ஒன்று கோப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் யாருக்கும் தொங்கல் இல்லை. கோப்பு கட்டுக்கடங்காமல் வளராமலிருக்க, பிஆர்லிமிட் கட்டளையால் கோப்பு அளவுக்கு ஒரு வரம்பு வைக்கலாம். அந்த வரம்பு நிரல் எழுதும் எல்லாக் கோப்புக்கும் பொருந்தும் என்பதால் எதிர்பார்க்கும் பி.டி.எஃப். அளவைவிடத் தாராளமாக வைக்க வேண்டும்.

பைப்பால் வரும் இன்னொரு உறைவு, இதே சேவையின் காணொளிச் சிறுபடப் பகுதியில் காத்திருந்தது. அங்கே எஃப்எஃப்எம்பெக் என்ற காணொளி நிரலைத் தொடங்கி, எரரைப் பைப்பாக வைத்து, எதையும் படிக்காமல் வெயிட் அழைக்கும் வரி ஒன்று. லினக்ஸில் ஒரு பைப் இயல்பாக 65,536 பைட் கொள்ளும். அது நிரம்பியதும், யாராவது படிக்கும்வரை எழுதுபவர் தூங்குவார். தாயோ பிள்ளை முடியட்டும் என்று காத்திருக்கிறது, பிள்ளை தாய் படிக்கட்டும் என்று காத்திருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் தன் பதிவுகளையும் முன்னேற்ற வரிகளையும் எரரில்தான் எழுதும். சிறிய காணொளியில் அது 64 கிலோபைட்டை எட்டாது, அதனால் சோதனைகள் எல்லாம் தேறும். நீண்ட காணொளியோ எச்சரிக்கைகள் நிறைந்த பழுதான கோப்போ வரும்போதுதான் நிற்கும். பதிவு மட்டத்தை 'எரர்' என்று குறைப்பது அறிகுறியைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கம்யூனிகேட் அழைத்து இரண்டு பைப்பையும் ஒருங்கே படிப்பது, அல்லது கோப்புக்குத் திருப்புவது, இந்த இரண்டில் ஒன்றே தீர்வு.

எஃப்எஃப்எம்பெக்கோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இன்புட். ஓடும்போது விசைகளைக் கேட்பதற்காக அது ஸ்டேண்டர்டு இன்புட்டைப் படிக்கும். வெளியீட்டுக் கோப்பு ஏற்கெனவே இருந்தால் மேலெழுதலாமா என்று கேட்டு நிற்கவும் செய்யும். ஷெல் லூப்பில் ஓடவிட்டால் லூப்புக்கு வர வேண்டிய கோப்புப் பெயர்களையே தின்றுவிடும். இன்புட்டைப் படிக்காதே என்ற நோ-ஸ்ட்டிடின் விருப்பத்தையும், மேலெழுது என்ற ஒய் விருப்பத்தையும் எப்போதும் சேர்க்க வேண்டும். எந்த வெளி நிரலாக இருந்தாலும் உள்ளீடு தேவையில்லையென்றால் இன்புட்டை, எப்போதும் காலியாக இருக்கும் டெவ்-நல்லுக்குத் திருப்பிவிடுவது நல்ல வழக்கம். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கும் நிரல்களில் பெரும்பாலானவை, படிக்க எதுவுமில்லை என்று தெரிந்ததும் பிழையோடு முடிந்துவிடும். தொங்குவதைவிட அது மேல்.

முன்னேற்றத்தைத் திரையில் காட்ட வேண்டுமானால் மட்டும் பைப் அவசியமாகிறது. அப்போதும் ஒரு மயக்கம் வரும். முனையத்தில் வரி வரியாக வந்த வெளியீடு, பைப்பில் வராமல் கடைசியில் மொத்தமாகக் கொட்டும். அவுட்புட் முனையமில்லை என்று கண்டதும் சி நூலகம் வரித் தாங்கலை விட்டு முழுத் தாங்கலுக்கு மாறுவதே காரணம். எஸ்டிடிபஃப் கட்டளை சில நிரல்களில் இதை மாற்றும், தாங்கலைத் தாங்களே நடத்தும் நிரல்களில் பலிக்காது.

ஷெல்லும் கோப்புப் பெயரும்

கட்டளை ஒற்றைச் சரமாக, பயனர் கொடுத்த கோப்புப் பெயரை நடுவில் ஒட்டி, ஷெல்லிடம் போய்க்கொண்டிருந்தது. பெயரில் இடைவெளி இருந்தால் இரண்டு கோப்பு, அரைப்புள்ளி இருந்தால் இரண்டு கட்டளை, டாலர் குறியும் அடைப்புக்குறியும் இருந்தால் உள்ளே இருப்பது ஓடும். இது உறைவுக்குக் காரணமில்லை, ஆனால் உறைவைவிட ஆபத்தானது. கட்டளையையும் அதன் வாதங்களையும் பட்டியலாகக் கொடுத்து, ஷெல் அளவுருவை எடுத்துவிட்டால் இந்த வாசல் அடைபடும். மேற்கோள் இட்டுத் தப்பிக்கும் ஃபங்ஷன்கள் இருக்கின்றன. ஷெல்லே இல்லாதபோது அவையும் தேவையில்லை.

பட்டியலாகக் கொடுத்தாலும் ஓர் ஓட்டை மிஞ்சும். '-' குறியில் தொடங்கும் கோப்புப் பெயரை நிரல் விருப்பமாக எடுத்துக்கொள்ளும். '--' என்று எழுதி விருப்பங்கள் முடிந்தன என்று சொல்லும் மரபை எல்லா நிரலும் மதிப்பதில்லை. முழுப் பாதையைக் கொடுத்தால் பெயர் '/' குறியில் தொடங்கும், சிக்கல் தீரும். இன்னும் நல்லது, ஏற்றிய கோப்பை நாமே உருவாக்கிய பெயரில் சேமித்து, பயனர் வைத்த பெயரைத் தரவுத்தளத்தில் மட்டும் வைத்துக்கொள்வது. வெளி நிரலின் கண்ணில் அந்தப் பெயர் படவே வேண்டியதில்லை.

கோப்புகள் நிறைய இருந்தால் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் அடுக்கக் கூடாது. லினக்ஸில் அடுக்கு வரம்பு வழக்கமான 8 மெகாபைட்டாக இருந்தால் வாதங்களும் சூழல் மாறிகளும் சேர்ந்து 2 மெகாபைட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு தனி வாதம் 128 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது.

சுயவிவரம், சூழல், வலை

லிப்ரே ஆஃபிஸுக்கு யூசர்-இன்ஸ்டலேஷன் என்ற சூழல் வாதம் மூலம் வேறு சுயவிவரக் கோப்புறையைச் சொல்லலாம். மதிப்பு சாதாரணப் பாதையாக இல்லாமல், மூன்று சாய்கோடுகளோடு தொடங்கும் கோப்பு முகவரியாக இருக்க வேண்டும். வேலைக்கு ஒரு புதுச் சுயவிவரம் என்பது மிகச் சுத்தமான ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு முறையும் அதை முதலிலிருந்து உருவாக்குவதால் தொடங்கும் நேரம் கூடும். வொர்க்கருக்கு ஒன்று என 4 கோப்புறைகளை வைத்துக்கொள்வதும், கெடு தாண்டி கொல்ல நேர்ந்தால் அந்தக் கோப்புறையை மட்டும் அழித்துப் புதிதாக்குவதும் நடைமுறைக்கு ஏற்றது. பாதியில் கொல்லப்பட்ட சுயவிவரத்தில் பூட்டுக் கோப்பும் ஆவண மீட்புக் குறிப்புகளும் தங்கிவிடும், அதைத் திரும்பப் பயன்படுத்துவது வம்பை விலைக்கு வாங்குவது.

கையால் ஓடவிட்டால் ஓடுகிறது, சேவையிலிருந்து ஓடவில்லை என்ற முறையீட்டுக்குப் பெரும்பாலும் சூழல்தான் பதில். நிரல்களை எங்கே தேடுவது என்று சொல்லும், உள்நுழைந்த ஷெல்லின் பாத் மாறி சேவைக்குக் கிடையாது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கிரானில் அது இன்னும் குறுகியது. நிரலின் முழுப் பாதையையும் அமைவுக் கோப்பில் எழுதிவைத்தால் இந்த ஐயம் எழாது. ஹோம் கோப்புறையே இல்லாத கணக்கில் சேவை ஓடினால், சுயவிவரம் உருவாக்க இடமின்றி லிப்ரே ஆஃபிஸ் தொடக்கத்திலேயே விழும். லேங் மாறி சி என்றிருந்தால் தமிழ்க் கோப்புப் பெயர்கள் சிதையலாம், சி.யுடிஎஃப்-8 என்று வைப்பது பாதுகாப்பு. பைத்தான் நிரலைத் தனிச் செயலியாக்கும் பைஇன்ஸ்டாலரால் கட்டப்பட்ட செயலிகள் எல்டி-லைப்ரரி-பாத் மாறியைத் தம் நூலகங்களுக்குத் திருப்பிவைத்திருக்கும். அதைப் பிள்ளையும் வாங்கிக்கொண்டால் வெளி நிரல் தவறான நூலகத்தை ஏற்றி விழும். பழைய மதிப்பு ஆரிக் என்ற ஒட்டோடு தனி மாறியில் இருக்கும், பிள்ளைக்குக் கொடுக்கும் சூழலில் அதை மீட்டுவைக்க வேண்டும். எப்படியும் சூழல் முழுவதையும் பிள்ளைக்குக் கொடுப்பது நல்லதில்லை, தரவுத்தளக் கடவுச்சொல்லும் அதில்தான் இருக்கும்.

மாற்று நிரலுக்கு வலைத் தொடர்பும் தேவையில்லை. ஆவணத்துக்குள் இருக்கும் இணைப்பை அது போய் எடுக்க முயன்றால், உள்வலை முகவரிகளை வெளியார் நம் சர்வர் வழியாகத் தொட வழி பிறக்கும். அன்ஷேர் கட்டளையால் வெற்று வலைவெளியில் ஓடவிடுவது, அல்லது அந்த ஸ்கோப்புக்கு சிஸ்டம்டியில் எல்லா ஐபி முகவரியையும் மறுப்பது போதும்.

வெற்றி என்று எதைச் சொல்வது

எக்ஸிட் கோடு 0 மட்டும் போதாது என்பதை மேலே பார்த்தோம். பி.டி.எஃப். கோப்பு இருக்கிறதா, அளவு 0-ஐவிடப் பெரியதா, முதல் 5 பைட்டுகள் பி.டி.எஃப்.-க்குரிய அடையாளமா என்று பார்த்த பிறகே முடிந்ததாகக் குறிக்க வேண்டும். 0 அல்லாத கோடுகளைப் பிரித்துப் பதிவு செய்தால் பிற்பாடு நேரம் மிச்சமாகும். ஷெல் வழியே வந்தால் 127 என்பது நிரலே கிடைக்கவில்லை, 126 என்பது கிடைத்தும் ஓடவிட முடியவில்லை, 128-க்கு மேல் என்றால் கழித்து வரும் எண் சிக்னல். பைத்தான் நேரடியாகத் தொடங்கியிருந்தால் சிக்னலை எதிர்ம எண்ணாகக் காட்டும். நாம் கொல்லாத நிரல் -9 என்று முடிந்திருந்தால் கெர்னல் பதிவைப் பார்க்க வேண்டும். நினைவகம் தீர்ந்து கெர்னலே கொன்றிருக்க வாய்ப்பு அதிகம்.

சரிபார்ப்பு

உண்மையான லிப்ரே ஆஃபிஸை உறையவைக்கும் ஆவணத்தைத் தேடி அலைய வேண்டாம். நிரலின் பாதை அமைவுக் கோப்பில் இருப்பதால் அந்த இடத்தில் போலி ஸ்கிரிப்டுகளை வைத்துச் சோதிக்கலாம். முதலாவது, 600 விநாடி தூங்கும் ஸ்லீப்பைப் பின்னணியில் தொடங்கிவிட்டு உடனே 0-வோடு முடிவது. பழைய நிரல் இதில் முதல் கம்யூனிகேட்டின் 60 விநாடியையும் தாண்டி, ஸ்லீப் முடியும்வரை தொங்கும். புதிய நிரல் உடனே திரும்பி, பி.டி.எஃப். இல்லாததால் தோல்வி என்று எழுத வேண்டும், ஸ்லீப்பும் செத்திருக்க வேண்டும். அதாவது குழுவைக் கொல்வது கெடு தாண்டும்போது மட்டுமில்லை, ஒவ்வொரு வேலையின் முடிவிலும் நடக்க வேண்டும். இந்தச் சோதனை இல்லாமல் அது நினைவுக்கு வருவதில்லை. இரண்டாவது, எரரில் 100 கிலோபைட் கொட்டிவிட்டு முடிவது. மூன்றாவது, இன்புட்டிலிருந்து ஒரு வரி படிப்பது. நான்காவது, சிக்-டெர்மைப் புறக்கணித்துவிட்டுத் தூங்குவது. இது 65 விநாடியில் முடிய வேண்டும். ஐந்தாவது, இடைவெளியும் மேற்கோளும் '-' குறியும் கொண்ட பெயரோடு கோப்பை ஏற்றி, தன் வாதங்களை அப்படியே பதிவுக் கோப்பில் எழுதுவது.

ஒவ்வொன்றையும் சில நூறு முறை ஓடவிட்ட பிறகு, வொர்க்கரின் எஃப்டி கோப்புறையில் உள்ள எண்ணிக்கை தொடக்கத்தில் இருந்த அளவுக்கே திரும்புகிறதா என்றும், பிஎஸ் பட்டியலில் 'Z' நிலையில் ஜாம்பி, அதாவது செத்தும் தாய் முடிவை வாங்கிக்கொள்ளாத புராசஸ், எதுவும் மிஞ்சியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நிரலைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓடவிடும் டாக்கருக்குள் ஓடும் சேவையில் ஜாம்பிகள் பெருகினால், நம் பைத்தான் நிரலே 1-ஆம் எண் புராசஸாக இருக்கிறது என்று பொருள். அநாதைகள் அதனிடம் வந்து சேரும், தான் தொடங்காத பிள்ளைகளின் முடிவை அது வாங்கிக்கொள்ளாது. கன்டெய்னரை இனிட் விருப்பத்தோடு தொடங்கினால் அந்த வேலையை ஒரு சிறு நிரல் பார்த்துக்கொள்ளும்.

விண்டோஸுக்குக் கொண்டுபோனால்

இதே சேவையை விண்டோஸில் ஓடவிடும்போது மேலே சொன்னதில் பாதி மாறிவிடும். அங்கே புராசஸ் குழுவுக்கு இணையாகப் பயன்படுவது ஜாப் ஆப்ஜெக்ட். 'ஜாப் மூடப்பட்டால் உள்ளே உள்ளவை சாகட்டும்' என்ற வரம்பை இட்டு, பிள்ளையை இடைநிறுத்திய நிலையில் உருவாக்கி, ஜாப்பில் சேர்த்த பின்னரே ஓடவிட வேண்டும். ஓடவிட்ட பிறகு சேர்த்தால், அந்த இடைவெளியில் பிறந்த பேரப்பிள்ளை வெளியே நின்றுவிடும். டெர்மினேட்-புராசஸ் பிள்ளையை மட்டுமே கொல்லும். பைத்தானின் ரன் ஃபங்ஷன் விண்டோஸில் இன்றும் கெடு தாண்டியபின் மிச்ச வெளியீட்டுக்காகக் காத்திருக்கிறது, ஆகையால் பழைய தொங்கல் அங்கே உயிரோடுதான் இருக்கிறது.

வாதங்களின் கதையும் வேறு. விண்டோஸில் பிள்ளைக்குப் போவது பட்டியலில்லை, 32,767 எழுத்துக்கு மிகாத ஒரே சரம். அதைப் பிள்ளையே பிரித்துக்கொள்கிறது. நாம் பட்டியலாகக் கொடுத்தாலும் மொழியின் நூலகம் அதை மேற்கோள்களோடு சரமாகக் கோக்கிறது. பேட்ச் கோப்பைத் தொடங்கினால் விண்டோஸின் ஷெல்லான சிஎம்டி நடுவில் வந்து தன் விதிப்படி பிரிக்கும், மேற்கோள் கணக்கு உடையும். 2024 ஏப்ரலில் ரஸ்ட் மொழியின் 1.77.2 பதிப்பு வெளியானது இந்த ஓட்டையை அடைக்கத்தான். பேட்ச் கோப்புக்குப் பயனர் தந்த எதையும் வாதமாகக் கொடுக்காமலிருப்பதே எளிய வழி. நிரலின் பாதையில் இடைவெளி இருந்து மேற்கோள் இல்லாமல் விட்டால், முதல் இடைவெளி வரையுள்ள துண்டையே நிரலின் பெயராக எடுத்துத் தேடும். அந்தப் பெயரில் யாராவது ஒரு நிரலை வைத்திருந்தால் அதுதான் ஓடும். கிரியேட்-புராசஸின் முதல் அளவுருவில் நிரலின் முழுப் பாதையைத் தனியாகக் கொடுத்தால் இந்தத் தேடலே நடக்காது.